அமெரிக்க மசில் கார்களின் பட்டைகளும் டீக்கால்களும்: எதை நம்பலாம், எப்படி ஒட்டுவது

2014-இல் சியாட்டிலில் நடந்த மீகம் ஏலத்தில் 1971-ஆம் ஆண்டு பிளிமத் ஹெமி குடா கன்வெர்ட்டிபிள் (பராகுடா காரின் வேகப் பதிப்பான குடாவில், ‘ஹெமி’ என்ற பெரிய எஞ்சின் உள்ள, கூரை திறக்கும் கார்) ஒன்று 35 லட்சம் டாலருக்குப் போனது. அந்த வகையில் தயாரானவையே 11 கார்கள்தான். ஆனால் ‘ஹெமி’ என்று எழுதிய பக்கவாட்டு டீக்கால், அதாவது ஒட்டுப் படம், இன்றைக்கும் கேட்டவர்களுக்கெல்லாம் கிடைக்கிறது. சாதாரண எஞ்சின் உள்ள பராகுடா ஒன்றை வாங்கி, ஒரே நாளில் அந்த எழுத்தை ஒட்டிவிடலாம். படத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இப்படிப்பட்ட விலைச் செய்திகளைப் படிப்பவர்கள் குழம்புவது இங்கேதான்: காரின் மேல் எழுதியிருப்பது உண்மையா?

இதற்கு விடை காண, பட்டைகள் ஏன் வந்தன, எந்த ஆண்டில் எதனால் செய்யப்பட்டன, எந்தக் காகிதம் அவற்றுக்குச் சாட்சி என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். புதுப்பிக்கிறவர்களுக்கு நான்காவதாக ஒன்றும் உண்டு: ஒட்டுவது எப்படி என்பது.

முதலில் சில சொற்கள்

மசில் கார் என்பது நடுத்தர அளவுள்ள இரண்டு கதவு காரில் பெரிய வி8 எஞ்சினை வைத்து, எட்டக்கூடிய விலையில் விற்றது. 1964-இல் பான்டியாக் நிறுவனம் டெம்பெஸ்ட் லெமான்ஸ் காரில் 389 கன அங்குல எஞ்சினைப் பொருத்தி ஜிடிஓ என்று விற்றதை இதன் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். மஸ்டாங், கமாரோ போன்ற சின்ன ஸ்போர்ட்ஸ் கார்களையும் பேச்சு வழக்கில் இதே வரிசையில் சேர்த்துவிடுகிறார்கள். இந்தக் கட்டுரையும் அப்படியே எடுத்துக்கொள்கிறது.

கார் மேல் இருக்கும் பட்டையும் படமும் மூன்று வகை.

1. பெயின்ட் பட்டை. ஆலையிலேயே மறைப்பு டேப் ஒட்டி ஸ்பிரே அடித்தது. விரல் நகத்தால் ஓரத்தைத் தடவினால் பெயின்டின் சிறு மேடு தட்டுப்படும்.
2. வினைல் டீக்கால். பின்பக்கம் பசையுள்ள மெல்லிய பிளாஸ்டிக் படலம். அச்சிட்ட படமாகவோ ஒரே நிறத்தில் வெட்டிய பட்டையாகவோ இருக்கும்.
3. ஒளி திருப்பும் டேப். படலத்துக்குள் நுண்ணிய கண்ணாடி மணிகள் பதிந்திருக்கும். பகலில் சாதாரண நிறமாகத் தெரியும். இரவில் பின்னால் வரும் காரின் விளக்கு பட்டால் பளீரென்று எரியும்.

பட்டைக்கு என்ன வேலை இருந்தது?

பட்டை பந்தயத்திலிருந்து வந்தது. சர்வதேசப் பந்தயங்களில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நிறம் இருந்த காலத்தில், பிரிக்ஸ் கன்னிங்ஹாம் அணி 1951-இல் வெள்ளை உடம்பில் இரண்டு நீலப் பட்டைகளோடு லெ மான் பந்தயத்தில் ஓடியது. பின்னால் ஃபோர்டு மஸ்டாங்கைத் திருத்திச் செய்த ஷெல்பி ஜிடி350-இன் வெள்ளை, நீலத் தோற்றத்துக்கு மூலம் அதுதான்.

ஆனால் பட்டையைப் பரப்பியது பந்தயம் அல்ல, விற்பனைக் கணக்கு. மசில் காரின் உடம்பு, குடும்பங்கள் வாங்கிய சாதாரணக் காரின் உடம்பேதான். புதிதாகத் தகடு அடிக்க அச்சு செய்தால் பெரும் செலவு. வினைல் பட்டைக்கோ ஒரு காருக்குச் சில டாலர்தான். கூடுதல் பணம் கொடுத்து பெரிய எஞ்சின் வாங்கியவருக்கு, அது தெருவில் போகிறவர்களுக்குத் தெரிய வேண்டும். பானெட்டைத் திறந்து காட்டிக்கொண்டே இருக்க முடியாது.

1968-இல் டாட்ஜ் தன் வேகக் கார்களை ‘ஸ்கேட் பேக்’ என்று ஒன்றாக்கி, வாலைச் சுற்றிக் கட்டிய வண்டுப் பட்டையை அவற்றின் அடையாளமாக்கியது. அதே ஆண்டு பிளிமத், வார்னர் பிரதர்ஸிடம் ரோட் ரன்னர் கார்ட்டூன் பறவையைப் பயன்படுத்த 50,000 டாலர் கொடுத்து உரிமை வாங்கியது. உள்ளே வசதிகளைக் குறைத்து, 383 எஞ்சினை மட்டும் தாராளமாக வைத்து, 3,000 டாலருக்குக் கீழே விற்ற அந்தக் கார் முதல் ஆண்டிலேயே சுமார் 45,000 போனது. 1969-இல் பான்டியாக், ஜிடிஓ-வின் மேல் ‘தி ஜட்ஜ்’ என்ற தொகுப்பை வைத்தது: ஃபெண்டரில் (முன் சக்கரத்தின் மேலுள்ள தகடு) கோணல் எழுத்தில் பெயர், பின்னோக்கி ஓடும் பல வண்ணப் பட்டை, டிக்கி மேல் ஸ்பாய்லர். ஃபோர்டில் வடிவமைப்பாளர் லாரி ஷினோடா, மஸ்டாங்கின் பாஸ் 302 பதிப்புக்கு ஆங்கில ‘சி’ வடிவப் பட்டை வரைந்தார். உச்சம் 1971 குடாவின் ‘பில்போர்ட்’ டீக்கால். பின்பக்கத் தகட்டை ஏறத்தாழ முழுக்க மறைக்கும் ஒரே பாளம். அதில் எஞ்சினின் பெயர்: 340, 383, 440 அல்லது ஹெமி.

இந்தக் கட்டம் வரை பட்டை பொய் சொல்லவில்லை என்றே சொல்ல வேண்டும். ஆலையிலிருந்து வந்த காரில் ‘440’ என்று இருந்தால், உள்ளே இருந்ததும் 440 கன அங்குலம்தான்.

குதிரைத்திறன் இறங்கியது, படம் வளர்ந்தது

1970-க்குப் பிறகு நாலாபுறமும் நெருக்கடி வந்தது.

1. காப்பீட்டு நிறுவனங்கள் அதிகத் திறனுள்ள கார்களுக்குப் பிரீமியத்தை ஏற்றின. இளைஞர்களால் கட்ட முடியவில்லை.
2. 1970-இன் தூய காற்றுச் சட்டத்தை எதிர்பார்த்து, ஈயம் குறைந்த பெட்ரோலில் ஓடும்படி, பான்டியாக், ஷெவர்லே ஆகியவற்றின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) 1971 மாடல்களின் எஞ்சின் அழுத்த விகிதத்தைக் குறைத்தது; அதோடு திறனும் குறைந்தது.
3. 1972-இல் திறனை அளக்கும் முறையே மாறியது. அதுவரை எஞ்சினைத் தனியாக மேடையில் நிறுத்தி, காரின் புகைக்குழாயும் துணைக் கருவிகளும் இல்லாமல் அளந்த ‘மொத்த’ எண்ணைப் போட்டார்கள். இப்போது காரில் இருப்பதுபோலவே எல்லாம் பூட்டி அளந்த ‘நிகர’ எண். எஞ்சின் மாறாவிட்டாலும் எண் சரிந்தது. பழைய விளம்பரத்தில் உள்ள 335 குதிரைத்திறனையும் 1973-இன் 250-ஐயும் நேராக ஒப்பிடக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.
4. 1973-இன் எண்ணெய் நெருக்கடி.

விற்க வேறு எதுவும் மிஞ்சாதபோது மிஞ்சியது படம். பான்டியாக் ஃபயர்பர்ட் டிரான்ஸ் ஆம் இதற்குத் தெளிவான உதாரணம். பானெட் நிறைய சிறகு விரித்த பறவையை ஜிஎம் வடிவமைப்புத் தலைவர் பில் மிட்செல் முதலில் ஏற்கவில்லை. வடிவமைப்பாளர் ஜான் ஷினெல்லா விடாமல் முயன்று, 1973-இல் 55 டாலர் விருப்பத் தேர்வாக அதைக் கொண்டுவந்தார். அந்த ஆண்டு விற்ற டிரான்ஸ் ஆம் 4,802. சூப்பர் டியூட்டி 455 எஞ்சினுக்கு நிகரத் திறன் 290. 1977-இல் அடிப்படை 400 எஞ்சினின் திறன் 180-ஆக இறங்கியிருந்தது, விற்பனையோ 68,745. அந்த ஆண்டு வந்த ‘ஸ்மோக்கி அண்ட் த பேண்டிட்’ படத்தில் கறுப்பு, தங்க நிற டிரான்ஸ் ஆம் ஓடியது. 1979-இல் விற்பனை 1,17,108.

ஃபோர்டின் 1976 மஸ்டாங்கில் வந்த கோப்ரா 2 தொகுப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. ஷெல்பியின் பட்டைகள், பக்க எழுத்து, ஸ்பாய்லர் எல்லாம் உண்டு, அதை 2.3 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சினோடும் வாங்கலாம். பட்டைக்கும் எஞ்சினுக்கும் இருந்த உறவு ஆலையிலேயே அறுந்த இடம் இது. இதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. ஆனால் அந்த வறண்ட ஆண்டுகளில் இந்தக் கார்கள் சாலையில் நிலைத்ததற்கு இந்தப் படங்களும் ஒரு காரணம். அவற்றை அதே கவனத்தோடு காப்பாற்ற வேண்டும் என்பதில் சந்தேகமில்லை.

டீக்கால் சாட்சி ஆகாது, எது ஆகும்?

நிறுவனத்துக்கு நிறுவனம் சாட்சியின் வலு மாறுகிறது.

1. கிரைஸ்லர், அதாவது பிளிமத்தும் டாட்ஜும். வாகன அடையாள எண்ணான வின்னின் ஐந்தாவது எழுத்து எஞ்சினைச் சொல்லும். 1971 ஹெமி குடா ஹார்ட்டாப்பின் (கூரை திறக்காத வகை) எண் ‘பிஎஸ்23ஆர்1பி’ என்று தொடங்கும். அதில் ‘ஆர்’ என்றால் 426 ஹெமி. ‘வி’ என்றால் மூன்று கார்புரேட்டர் உள்ள 440, ‘எச்’ என்றால் 340. பட்டைக்குத் தனிக் குறி உண்டு. எஞ்சின் அறையில் இருக்கும் ஃபெண்டர் தகட்டில் ‘வி6எக்ஸ்’ என்றிருந்தால் கறுப்புப் பட்டை, ‘வி6டபிள்யூ’ என்றால் வெள்ளை. தகடு போலியாகவும் இருக்கலாம் என்பதால், சீட்டு ஸ்பிரிங் இடுக்குகளில் கிடைக்கும், அந்தக் காரில் என்னென்ன பொருத்த வேண்டும் என்று எழுதிய ஆலைத் தாளோடு ஒப்பிடுவார்கள்.

2. ஃபோர்டு. இங்கேயும் ஐந்தாவது எழுத்துதான். 1969 பாஸ் 302 என்றால் ‘9எஃப்02ஜி’. ‘ஜி’ இல்லாவிட்டால் அது பாஸ் 302 அல்ல, பேச்சுக்கே இடமில்லை. 1967 முதலான ஃபோர்டு ஆலைப் பதிவுகளிலிருந்து எடுத்துத் தரும் மார்ட்டி அறிக்கையில் நிறம், விருப்பத் தேர்வுகள் எல்லாம் வரும்.

3. பான்டியாக், ஷெவர்லே. போலி அதிகம் நடமாடும் இடம் இது. 1969 ஜிடிஓ ஹார்ட்டாப்பின் எண் ‘242379’ என்று தொடங்கும். ஜட்ஜுக்கும் அதே எண்தான். 1969-இல் தயாரான ஜட்ஜ் 6,833 மட்டுமே; ஆனால் எந்த ஜிடிஓ-விலும் டீக்காலும் ஸ்பாய்லரும் வைத்துவிட்டால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் தரும் அசல் விலைப்பட்டியல் நகல் இல்லாமல் ஜட்ஜ் விலை கொடுக்கக் கூடாது. ஷெவர்லே கமாரோவின் வேகப் பதிப்பான இசட்/28-உம் அப்படியே: 1971 வரை வின் எண்ணில் வி8 என்று மட்டும் தெரியும், இசட்/28 என்று தெரியாது.

மறுபக்கமும் உண்டு. பட்டை வேண்டாம் என்று ஆர்டர் கொடுத்தவர்களும் இருந்தார்கள். அசல் காரில், ஆவணத்தில் இல்லாத பட்டையை ‘அழகுக்கு’ ஒட்டுவதும் அசலிலிருந்து விலகுவதுதான்.

எந்தக் காருக்கு எது?

புதுப்பிக்கிறவர்கள் அதிகம் தவறும் இடம் இது. மாடலுக்கு மாடல் பொருள் வேறு.

1967 முதல் 1969 வரையான இசட்/28 பட்டைகளும் 1970 ஷெவர்லே ஷெவெல் எஸ்எஸ்-இன் அகலப் பட்டைகளும் பெயின்ட். அங்கே வினைல் ஒட்டினால் பத்தடி தூரத்திலேயே தெரிந்துவிடும். ஜட்ஜ், குடா பில்போர்ட், டிரான்ஸ் ஆம் பறவை ஆகியவை வினைல். 1969 மஸ்டாங் மாக் 1, பாஸ் 302, 1970 ஏஎம்சி ரெபெல் மெஷீன், 1970-71 ஃபோர்டு டொரினோவின் ‘லேசர்’ பட்டை ஆகியவை ஒளி திருப்பும் டேப். இவற்றுக்குச் சாதாரண வினைலில் மலிவான நகல்கள் விற்கின்றன. பகலில் ஒன்றும் தெரியாது. டார்ச் அடித்துப் பார்த்தால் செத்துக் கிடக்கும்.

ரோட் ரன்னரின் பறவை 1968-இல் வண்ணமில்லாமல் வந்தது; முழு வண்ணம் 1969-இல். வண்ணப் பறவை ஒட்டிய 1968 கார்களை இன்றும் கண்காட்சிகளில் பார்க்கலாம்.

ஒட்டும் முறை

1. பெயின்ட் காய வேண்டும். தொட்டுப் பார்த்துக் காய்ந்தது போதாது. புது பெயின்டிலிருந்து கரைப்பான் ஆவி பல நாள் வெளியேறிக்கொண்டே இருக்கும். மேலே வினைல் மூடினால் ஆவி கொப்புளமாக நிற்கும். காற்றில் காய்ந்த இரண்டு பேக் யூரித்தேனுக்கு (கெட்டிப்படுத்தும் திரவம் கலந்து அடிக்கும் பெயின்ட்) 30 நாள் விடுவது பத்திரம். சூளையில் சுட்டது என்றால் பெயின்ட் தயாரிப்பாளர் சொன்ன நாள். சந்தேகம் இருந்தால் உள்ளங்கை அளவு வினைல் துண்டை ஒட்டி, ஹேர் டிரையரால் நன்றாகச் சூடேற்றி, மறுநாள் பாருங்கள். கொப்புளம் வந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும்.

2. சுத்தம். சோப்புத் தண்ணீர், பிறகு மெழுகு நீக்கி, கடைசியாக 70 பங்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், 30 பங்கு தண்ணீர். மெழுகோ செராமிக் கோட்டிங்கோ இருந்தால் பசை பிடிக்காது. கதவு ஓரம், சக்கர வளைவின் உள்மடிப்பு இரண்டையும் மறக்காமல் துடைக்க வேண்டும். உரிவது அங்கிருந்துதான் தொடங்கும்.

3. அளவு. டீக்காலை மறைப்பு டேப்பால் காரில் தொங்கவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். தகட்டின் மடிப்புக் கோடு, சக்கர வளைவு போன்ற மாறாத இடங்களிலிருந்து மில்லிமீட்டரில் அளந்து இரண்டு பக்கமும் குறிக்க வேண்டும். கதவு இடைவெளியிலிருந்து அளக்கக் கூடாது: ஐம்பது ஆண்டுப் பழைய காரில் கதவு நகர்ந்திருக்கும், அந்தக் கோணல் அப்படியே பட்டையில் ஏறிவிடும்.

4. வெப்பம். காற்று மட்டுமல்ல, தகடும் 18 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். குளிர்ந்தால் பசை பிடிக்காது. வெயிலில் காய்ந்த பானெட்டில் தொட்ட மாத்திரத்தில் கவ்விக்கொள்ளும், நகர்த்த வழியில்லை.

5. ஈர முறை. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் இரண்டு மூன்று துளி பேபி ஷாம்பு. தகட்டையும் பசைப் பக்கத்தையும் நனைத்து டீக்காலை மிதக்கவிட்டு இடத்துக்குத் தள்ளுங்கள். ஷாம்பு கூடினால் பசை செத்துவிடும், ஓரம் தூக்கும். கை ஈரப்பதம் தரும் பொருள் கலந்த சோப்பு கூடவே கூடாது.

6. தள்ளுவது. முனையில் ஃபெல்ட் துணி ஒட்டிய ஸ்க்வீஜியை (தண்ணீரைத் தள்ளும் தட்டையான பிளாஸ்டிக் பட்டை) 45 டிகிரி சாய்த்துப் பிடித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் மேல் பாதி ஏறும்படி. டீக்காலைத் தாங்கி வரும் மேல்தாளைப் பசை பிடித்த பிறகே உரிக்க வேண்டும், அதுவும் பின்னோக்கி மடித்துத் தகட்டோடு ஒட்டி. வினைலும் சேர்ந்து எழுந்தால் நிறுத்தி, அழுத்திவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் விடுங்கள்.

7. இடைவெளிகள். கதவு, ஃபெண்டர் ஓரங்களில் 6 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு வெட்டி உள்ளே மடிக்க வேண்டும். கத்தியைப் பெயின்ட் மேல் வைத்து அழுத்தி வெட்டினால், அந்தக் கோட்டிலேயே தண்ணீர் இறங்கித் துருப் பிடிக்கும்.

8. ஒரு வாரம் கழுவக் கூடாது. சின்ன நீர்க் குமிழிகள் தானாக வற்றும். வற்றாத காற்றுக் குமிழியை மெல்லிய ஊசியைச் சாய்த்துக் குத்தி, அந்தத் துளையை நோக்கி விரலால் தள்ளுங்கள்.

டிரான்ஸ் ஆம் பறவைக்கு இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். கிட் பெரும்பாலும் பல துண்டுகளாக வரும். பானெட்டின் நடுக்கோட்டை டேப் போட்டு நிலைப்படுத்தி, எல்லாத் துண்டுகளையும் உலர்வாக அடுக்கிப் பார்த்த பிறகே முதல் துண்டின் தாளை உரிக்க வேண்டும். இடது சிறகு 5 மில்லிமீட்டர் விலகினால் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்த ஒவ்வொரு முறையும் அது தெரியும்.

கெடுவது எதனால்?

வினைலில் இரண்டு தரம் உண்டு. ‘காஸ்ட்’ வினைல் திரவமாக ஊற்றிக் காயவைத்தது. சுமார் 50 மைக்ரான். வளைவில் படிந்தால் படிந்த இடத்திலேயே நிற்கும். ‘காலண்டர்’ வினைல் உருளைகளுக்கு நடுவே நசுக்கி இழுத்தது. 75 முதல் 100 மைக்ரான். இழுத்ததால் ஏறிய விறைப்பு வெயிலில் விட்டுக்கொடுத்து, படலம் சுருங்கும். ஓரத்தைச் சுற்றி அழுக்குப் பிடித்த பசைக்கோடு தெரிந்தால் அது காலண்டர் வினைல் என்று எடுத்துக்கொள்ளலாம். மசில் காரின் உடம்பு முழுக்க வளைவு. இதில் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது.

பானெட் டீக்கால் பக்கத்து டீக்காலை விட முன்னதாகக் கெடும். வெயில் மேலிருந்து நேராக விழுகிறது, எஞ்சின் சூடு கீழிருந்து ஏறுகிறது. ஒளி திருப்பும் டேப்பின் எதிரி தண்ணீர்: வெட்டிய ஓரம் வழியே உள்ளே போனால் கறுக்கத் தொடங்கும். ஓரத்துக்கு சீலர் போடுவது அவசியம். அது விறைப்பானது, இழுத்துப் படியவைக்க முயன்றால் உடையும்.

மேலே கிளியர் கோட் (நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு) அடிக்கலாமா என்ற கேள்வி ஓயாமல் வருகிறது. கிளியரின் கரைப்பான் வினைலின் ஓரத்தைச் சுருட்டக்கூடும். பிற்பாடு டீக்கால் கெட்டால் பெயின்ட் முழுவதையும் தேய்த்து எடுக்க வேண்டும். அசலில் டீக்கால் பெயின்டின் மேலேதான் இருந்தது. ஓரத்தின் மேடு குறையல்ல, அடையாளம். அப்படியே விடுவதுதான் சரி.

பழையதை எடுக்கும் முன்

மறு பெயின்ட் ஆகாத காரில் பழைய டீக்கால் இருந்தால், முதலில் நல்ல வெளிச்சத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். பிறகு அதன் மேல் டிரேசிங் தாளை வைத்து ஓரங்களையும் அருகிலுள்ள தகட்டு மடிப்பையும் சேர்த்து வரையுங்கள். ஆலையில் கையால் ஒட்டியதால் இடமும் வலமும் சில மில்லிமீட்டர் வேறுபடும். அந்த வேறுபாடு எந்த அளவு அட்டவணையிலும் இருக்காது. டீக்கால் முன்பே போயிருந்தாலும், கீழே வெயில் படாத பெயின்ட் அடர்ந்த நிழலாக நிற்கும். பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தால் எழுத்தைக்கூடப் படிக்கலாம். தேய்ப்பதற்கு முன் அதை வரைந்து வைக்க வேண்டும். ஆவணம் தொலைந்த காரில் அந்த நிழல் ஒரு துணைச் சாட்சி.

உரிக்க, கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேல் ஹேர் டிரையரால் சூடேற்றி, தாழ்ந்த கோணத்தில் மெதுவாக இழுங்கள். மீதிப் பசைக்கு ஆரஞ்சுத் தோல் எண்ணெய் அடிப்படையிலான நீக்கி போதும். அந்தக் கால ஜிஎம் கார்களின் அசல் பெயின்ட் அக்ரிலிக் லேக்கர், அதாவது கரைப்பான் பட்டால் மீண்டும் கரையும் வகை. அதன் மேல் தின்னரோ அசிட்டோனோ பட்டால் பசையோடு பெயின்டும் கரைந்து துணியில் வந்துவிடும். டிரில்லில் மாட்டும் ரப்பர் சக்கரம் வேலையை விரைவாக முடிக்கும், ஆனால் ஒரே இடத்தில் நிறுத்தினால் லேக்கரைச் சுட்டுவிடும். புது யூரித்தேனில் மட்டும், குறைந்த வேகத்தில், நகர்த்திக்கொண்டே பயன்படுத்துங்கள்.